நல்ல மொழியும் நல்லாசிரியரும்: ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பள்ளிக்கூட வரலாறு



விழா மலரைக் கையில் எடுப்பவர்கள் முதலில் தேடுவது தங்கள் ஊர்ப் பெயரையும், தங்கள் பாட்டனார் காலத்துச் செய்திகளையும்தான். அது இயற்கையே. நான் சொல்ல எடுத்துக்கொண்டதோ கடல் கடந்த ஒரு நாட்டின் பள்ளிக்கூட வரலாறு. ஆயினும் இதை வாசித்து முடிக்கும்போது நம் பழைய உபதேசியார்களின் நினைவு உங்களுக்கு வராமற் போகாது.

நம் நாட்டுக்கு மறைபரப்ப வந்த குருக்கள் முதலில் நம் மொழியைக் கற்றார்கள். அன்றீக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். பின்னால் வந்த வீரமாமுனிவர் தமிழுக்கு அகராதியே செய்து தந்தார். தமிழ் அறிந்த வாத்தியாரைத் தேடி நாம் அலைய வேண்டியிருந்ததில்லை. ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களுக்கோ, "எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் மொழியில் படிப்பிக்க ஆசிரியர் எங்கே?" என்பது மொழியின் உயிரைப் பற்றிய கேள்வியாகவே இருந்துவருகிறது.

இருநூற்றைம்பது மொழிகள்

1788இல் ஆங்கிலேயர் சிட்னி துறைமுகத்தில் குடியேறியபோது, அந்தப் பெருநிலத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. அவை கிளைமொழிகள் அல்ல. ஒன்றைப் பேசுபவருக்கு மற்றொன்று விளங்காத தனித்தனி மொழிகள். 2020இல் வெளியான தேசிய அறிக்கையின்படி, ஏதோ ஓர் அளவிலாவது வழக்கில் இருப்பவை 123. அவற்றுள்ளும் குழந்தைகள் தாய்ப்பாலோடு கற்கும் வலிமையான மொழிகள் பன்னிரண்டுதான்.

இம்மக்களின் மொழியும் தமிழும் உறவு என்று நம்மவர் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், ஆஸ்திரேலிய மொழிகளின் மாற்றுப்பெயர்களுக்கும் திராவிட மாற்றுப்பெயர்களுக்கும் ஒற்றுமை காட்டியதிலிருந்து அந்தப் பேச்சு பரவியது. இன்றைய மொழியியலாளர் அந்த உறவை ஏற்பதில்லை. ஆனால் தாய்மொழி மேல் கொண்ட பற்றில் அவர்களும் நாமும் உறவினரே எனலாம்.

குருக்கள் எழுதி வைத்த சொற்கள்

அந்நாட்டில் மறைப்பணியாற்றியவர்களுள் மொழி கற்றவர்களும் இருந்தார்கள். மொழியை மறக்கச் செய்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் சொல்லுவதுதான் நேர்மை.

அடிலெய்டு நகரில் டைகல்மன், ஷூர்மன் என்னும் இரு ஜெர்மன் லூத்தரன் போதகர்கள் 1839இல் கவுர்னா மொழியிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே அம்மொழியின் இலக்கணத்தையும் சொற்றொகுதியையும் அச்சிட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் நியூ நார்சியா மடத்தை 1846இல் தொடங்கிய புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ரொசெந்தோ சல்வாதோ, தம் 1851ஆம் ஆண்டு நூலில் அவ்வூர் மக்களின் சொற்களைப் பதிவு செய்தார். வடக்கே டேலி ஆற்றங்கரையில் 1886 முதல் 1899 வரை உழைத்த சேசு சபைக் குருக்கள் மலக்மலக் மொழியைக் கற்று எழுதினார்கள். அவர்களுக்குத் தலைவராயிருந்த டொனால்ட் மக்கிலப் அடிகளார், 2010இல் புனிதையாக உயர்த்தப்பட்ட மேரி மக்கிலப் அன்னையின் உடன்பிறந்த தம்பி. பல்லோட்டீன் சபைக் குருக்களான நெக்கஸ், வோர்ம்ஸ் இருவரும் 1953இல் ஆஸ்திரேலிய மொழிகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார்கள்.

மறு பக்கமும் உண்டு. அடிலெய்டின் கவுர்னா பள்ளி 1845இல் மூடப்பட்டு, பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். பின்வந்த நூறாண்டுக் காலத்தில் அரசும் சபைகளும் நடத்திய பல நிலையங்களில், பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிகளில் வளர்க்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை என்பது பல இடங்களில் வழக்கமாயிருந்தது. பிரிக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளின் துயரத்தை 1997இல் ஓர் அரசு விசாரணை அறிக்கை நாட்டுக்கு எடுத்துரைத்தது. 2008 பெப்ரவரி 13ஆம் நாள் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஒரு தலைமுறை பேச அஞ்சிய மொழியை அடுத்த தலைமுறை எங்கிருந்து கற்கும்? இன்று ஆசிரியர் கிடைக்கவில்லை என்று சொல்லும்போது, அந்தப் பஞ்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

1972: கதவு திறந்தது

விதிவிலக்கான பள்ளிகளும் இல்லாமல் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் எர்னபெல்லா என்னும் பிரெஸ்பிடேரியன் நிலையத்தின் பள்ளி, 1940இலிருந்தே பிட்ஜன்ட்ஜட்ஜரா மொழியில் பாடம் நடத்தியது. ஆனால் அரசின் கொள்கையாக அது மாறியது 1972 டிசம்பரில்தான். புதிதாகப் பதவியேற்ற விட்லம் அரசு, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே தொடக்கக் கல்வி தரப்படும் என்று அறிவித்தது. 1973இல் வட ஆட்சிப் பகுதியில் ஐந்து பள்ளிகளில் இருமொழிக் கல்வி தொடங்கியது. 1980களில் அது சுமார் 20 பள்ளிகளுக்குப் பரவியது.

அதன் முறை எளிமையானது. குழந்தை முதலில் தனக்குத் தெரிந்த மொழியில் எழுதவும் வாசிக்கவும் பழகும். ஆங்கிலத்தை அப்போது காதால் கேட்டு வாயால் பேசிப் பழகும். மூன்றாம் நான்காம் வகுப்பில், வாசிப்பு கைவந்த பிறகு, ஆங்கில எழுத்துக்குள் நுழையும். படிப்படியாக ஆங்கிலப் பாடம் கூடும். ஒரு மொழியில் வாசிக்கக் கற்றவன் மறுமொழியில் வாசிக்கப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை என்பதே இதன் அடிப்படை.

திட்டம் நல்லது, காசும் வந்தது. ஆனால் வகுப்பில் நின்று படிப்பிக்க யார் இருந்தார்கள்?

சான்றிதழ் ஒருவரிடம், மொழி மற்றொருவரிடம்

நகரத்திலிருந்து வந்த வெள்ளைக்கார ஆசிரியையிடம் சான்றிதழ் இருந்தது. ஊர் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. வெயிலும் தனிமையும் தாங்காமல் ஓரிரு ஆண்டுகளில் மாற்றல் வாங்கிப் போனவர்கள் ஏராளம். ஊர்ப் பெண்ணிடம் மொழி இருந்தது, குழந்தைகளின் குலம், உறவுமுறை எல்லாம் தெரிந்திருந்தது, சான்றிதழ்தான் இல்லை. ஆகவே இருவரையும் ஒரே வகுப்பில் நிறுத்தினார்கள். ஊர்ப் பெண்ணுக்கு "உதவியாசிரியை" என்று பெயர். பாடத்தின் பாதியை அவரே நடத்தினாலும், பதவியிலும் சம்பளத்திலும் அவர் இரண்டாம் இடத்தில்தான் நின்றார்.

உறவுமுறை என்று சொன்னேனே, அதுவும் சிறு காரியமன்று. அம்மக்களிடையே வளர்ந்த அண்ணன் தங்கையர் நேருக்கு நேர் பேசாமல் ஒதுங்கி நிற்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மருமகன் மாமியார் முகத்தைப் பார்த்துப் பேசாத வழக்கமும் உண்டு. யாரை யார் அருகில் உட்காரவைப்பது, யாரிடம் கேள்வி கேட்பது என்பதை வெளியிலிருந்து வந்தவர் அறியமாட்டார். மேலும், ஒரு மொழி இன்ன நிலத்துக்கும் இன்ன குலத்துக்கும் உரியது என்பது அவர்கள் நம்பிக்கை. அம்மொழி பேசத் தெரிந்த எவரும் படிப்பித்துவிட முடியாது. மூத்தோரின் சம்மதம் வேண்டும். எந்தக் கல்லூரியும் தராத தகுதி அது.

இரு கத்தோலிக்கப் பள்ளிகள்

டார்வினுக்கு வடக்கே உள்ள பாதர்ஸ்ட் தீவில், 1911இல் திரு இருதய மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் சேவியர் க்செல் அடிகளார் பணி தொடங்கினார். அங்கே திவி மொழி பேசும் பெண் பிள்ளைகள் கன்னியர் நடத்திய விடுதியில் வளர்ந்தார்கள். 1970களின் நடுவில் அத்தீவின் பள்ளியில் இருமொழிக் கல்வி தொடங்கியபோது, எதிர்பாராத இடையூறு ஒன்று எழுந்தது.

பழைய திவி மொழியின் வினைச்சொல் மிகவும் நுட்பமானது. செய்தவர் யார், யாருக்குச் செய்தார், எப்போது செய்தார், காலையிலா மாலையிலா என்பதெல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். பெரியவர்கள் அதைத்தான் உண்மையான திவி என்றார்கள். பள்ளிப் புத்தகம் அந்த மொழியிலேயே இருக்கவேண்டும் என்றார்கள். ஆனால் பிள்ளைகள் பேசியது வேறு. விடுதி வாழ்க்கையில் மூத்தோரிடமிருந்து பிரிந்து வளர்ந்த தலைமுறையின் வாயில் அந்த நீண்ட வினைகள் உடைந்து, ஆங்கிலச் சொற்கள் கலந்து, புதிய திவி ஒன்று பிறந்திருந்தது. ஜென்னி லீ என்னும் மொழியியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இம்மாற்றத்தை விவரிக்கிறது. பழைய நடையில் எழுதிய வாசகம் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. புதிய நடையில் எழுதினாலோ பெரியவர்கள் மனம் நொந்தார்கள்.

செந்தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் இடையே நாம் அறிந்த இடைவெளிதான் இது. அவர்களுக்கோ அது இரண்டே தலைமுறையில் வந்து விழுந்தது. முடிவில், சின்னப் பிள்ளைகளுக்கு அவர்கள் பேசும் நடையில் தொடங்கி, வளர வளரப் பழைய மொழியின் பாட்டையும் கதையையும் மூத்தோர் வாயிலாகக் கேட்கச் செய்வது என்ற வழியை நாடினார்கள். பள்ளியிலேயே நூலாக்க நிலையம் அமைத்து, திவி ஆசிரியைகள் கதை எழுத, ஊர்க்காரர்கள் படம் வரைய, சிறு சிறு புத்தகங்கள் வெளிவந்தன. 1953இல் அத்தீவுக்கு வந்த அருட்சகோதரி ஆன் கார்டினர், திவி மொழியையும் பண்பாட்டையும் காக்கத் தம் வாழ்நாளைத் தந்தார். 2017இல் நாடு அவரை ஆஸ்திரேலியாவின் சிறந்த மூத்த குடிமகள் என்று போற்றியது.

இரண்டாவது ஊர் வாடேயே. முன்னாளில் அதற்குப் போர்ட் கீட்ஸ் என்று பெயர். 1935இல் டொகர்டி அடிகளார் தொடங்கிய மறைப்பணி நிலையத்தைச் சுற்றிப் பல குலங்கள், பல மொழியினர் வந்து குடியேறினார்கள். அந்த நிலத்துக்குரிய மொழி முரின்பதா. "முரின்" என்றால் மொழி. "பதா" என்றால் நல்லது. நல்ல மொழி என்றே பெயர்! 1970களில் பள்ளியில் இருமொழிக் கல்வி வந்தபோது அம்மொழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அதைப் பேசுகிறார்கள். ஆனால் பக்கத்துக் குலங்களின் மொழிகள் சில ஒருசில முதியவர்களோடு நின்றுவிட்டன. ஒரு மொழிக்கு ஆசிரியர் தேடுவதே இவ்வளவு கடினம் என்றால், ஐந்தாறு மொழிகளுக்கு எங்கே போவது? ஒன்றைக் காத்தபோது மற்றவை கைநழுவின என்ற வருத்தமும் இந்த வரலாற்றில் உண்டு.

அதே ஊரில் 1974இல் போனிபஸ் பெர்ஜெர்ட் என்னும் பழங்குடிப் பெரியவர் நிரந்தரத் திருத்தொண்டராகத் திருநிலை பெற்றார். பழங்குடியினருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. உள்ளூர் மனிதரைப் பொறுப்பில் அமர்த்தலாமா என்ற கேள்விக்குப் பீடத்தில் ஒரு விடை கிடைத்த அந்தக் காலத்தில், கரும்பலகையின் முன் விடை தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்கே வந்த கல்லூரி

டார்வினுக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் பேச்சலர் என்னும் சிற்றூர் இருக்கிறது. உதவியாசிரியர்களை முழு ஆசிரியர்களாக்கும் பயிற்சி நிலையம் 1974இல் அங்கே இடம்பெற்றது. பழங்குடியினரைத் தங்கள் மொழியிலேயே எழுத்தாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பயிற்றும் மொழியியல் பள்ளியும் அதே ஆண்டில் தொடங்கியது.

ஆனால் பிள்ளைகுட்டிக்காரியான ஒரு தாய், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் மாதக்கணக்கில் தங்கிப் படிக்க முடியுமா? ஊரில் ஒரு சாவு என்றால் சடங்குக்குப் போயே ஆகவேண்டும். பாதியில் நின்றவர்கள் பலர். ஆகவே 1970களின் பிற்பகுதியில் வழியை மாற்றினார்கள். மாணவர் கல்லூரிக்குப் போவதற்குப் பதிலாக விரிவுரையாளரே ஊருக்கு வந்து தங்கினார். காலையில் உதவியாசிரியை வகுப்பு எடுப்பார். மற்ற வேளையில் அதே பள்ளியில் தாம் மாணவியாக உட்காருவார். அவர் நடத்திய பாடமே அவருடைய பயிற்சிப் பாடமாயிற்று. 1986 முதல் டீக்கின் பல்கலைக்கழகமும் பேச்சலர் கல்லூரியும் சேர்ந்து இவர்களுக்குப் பட்டப் படிப்பையும் திறந்துவிட்டன.

அந்த வழியில் வந்தவர்களுள் ஒருவர் மண்டாவுய் யுனுபிங்கு. ஆர்னெம் நிலத்தின் யோல்ங்கு மக்களுள் முதன்முதலில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். 1990இல் தம் சொந்த ஊரான யிர்கலாவின் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். யோத்து யிந்தி என்ற இசைக்குழுவின் தலைவராக உலகம் அவரை அறிந்தது. 1992இல் நாட்டின் சிறந்த குடிமகனாகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தைக் காட்டி, இரு அறிவும் ஒன்றையொன்று அழிக்காமல் கலக்கவேண்டும் என்று யோல்ங்கு ஆசிரியர்கள் விளக்கினார்கள். அந்த யிர்கலா பள்ளியிலேயே 2020இல் எட்டு மாணவர்கள், அவ்வூர் வரலாற்றில் முதன்முறையாக, பல்கலைக்கழகத்தில் சேருவதற்கான மதிப்பெண் பெற்றுத் தேறினார்கள். தாய்மொழி பிள்ளைகளைப் பின்தள்ளும் என்று சொன்னவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

கதவு அடைபட்ட காலம்

1986 நவம்பர் 29ஆம் நாள், அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் பழங்குடி மக்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், அவர்களுடைய கதைகளும் ஓவியங்களும் மொழிகளும் ஒருபோதும் அழிந்துபோகக் கூடாது என்று எடுத்துரைத்தார். ஆனால் பன்னிரண்டே ஆண்டுகளில் காற்று திசைமாறியது. 1998 டிசம்பரில் வட ஆட்சிப் பகுதி அரசு, இருமொழிக் கல்வியைப் படிப்படியாக நிறுத்தி, அந்தப் பணத்தை ஆங்கிலம் கற்பிக்கச் செலவிடப் போவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு சட்டமன்றத்துக்குச் சென்றது. பெயரை மாற்றிக்கொண்டு திட்டம் ஒருவாறு உயிர் பிழைத்தது. 2008இல் நாடு தழுவிய தேர்வில் தொலைதூரப் பள்ளிகள் பின்தங்கின. அந்த அக்டோபரிலேயே, நாள்தோறும் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்திலேயே பாடம் நடக்கவேண்டும் என்ற ஆணை பிறந்தது. களைத்துப்போன பிற்பகல் மட்டும் தாய்மொழிக்கு மிஞ்சியது. சில ஆண்டுகளில் அந்த ஆணை தளர்த்தப்பட்டது. கத்தோலிக்கப் பள்ளிகள் தனி நிர்வாகத்தின் கீழ் இருந்தமையால், வாடேயேயிலும் திவித் தீவிலும் தாய்மொழிப் பாடம் அறுந்துபோகவில்லை.

ஆயினும் கண்ணுக்குத் தெரியாத சேதம் ஆசிரியர் பயிற்சியில்தான் நேர்ந்தது. தம் மொழிக்குப் பள்ளியில் இடம் இருக்குமா என்று தெரியாதபோது, எந்த இளைஞன் ஆண்டுக்கணக்கில் பயிற்சிக்குப் போவான்? மறுபுறம், ஆசிரியர் தகுதி நாடு முழுவதற்கும் ஒரே அளவாயிற்று. நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு. 2016 முதல் ஆங்கில எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் தனித் தேர்வு. தரம் உயர்வது நல்லதே. ஆனால் ஆங்கிலத்தை நான்காம் ஐந்தாம் மொழியாகக் கற்ற ஒரு முரின்பதா ஆசிரியைக்கும், சிட்னியில் பிறந்த பெண்ணுக்கும் ஒரே வாயில்தான். மொழியில் கரைகண்டவர்கள் அந்த வாயிலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

உறங்கிய மொழிகள் எழுந்தன

தெற்கே கதை வேறு. அங்கே பேசுவோரே இல்லாமற்போன மொழிகளுக்கு ஆசிரியர் வேண்டியிருந்தது. கவுர்னா மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதராகக் கருதப்படும் இவரிட்ஜி என்னும் அம்மையார் 1929இல் மறைந்தார். ஆனால் 1840இல் அந்த இரு போதகர்களும் அச்சிட்ட நூல் அலமாரியில் காத்திருந்தது. 1980களின் இறுதியில் கவுர்னா வழிவந்தோர் அதைப் புரட்டத் தொடங்கினார்கள். 1992 முதல் அடிலெய்டில் ஒரு பள்ளியில் கவுர்னா பாடமாயிற்று. ஆசிரியர்களே மாணவருக்கு ஒரு பாடம் முன்னே கற்றுக்கொண்டு படிப்பித்த காலம் அது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கடற்கரையில் கும்பைங்கிர் மொழியின் மூத்தோர் 1986இல் முர்பாய் என்னும் கூட்டுறவு நிலையத்தை ஏற்படுத்தினார்கள். கிறிஸ்தவ சகோதரர் சபையைச் சேர்ந்த ஸ்டீவ் மொரெல்லி, பழைய ஒலிப்பதிவுகளையும் குறிப்புகளையும் அவர்களோடு உட்கார்ந்து ஆராய்ந்தார். 2008இல் அகராதியும் இலக்கணமும் நூலாக வந்தன. அந்நிலையம் வளர்ந்தோருக்கு மொழி வகுப்பு நடத்தியது. அவர்களுள் சிலர் பள்ளிகளில் ஆசிரியரானார்கள். அம்மாநிலம் 2003இல் பழங்குடி மொழிகளுக்குப் பாடத்திட்டம் வகுத்தது. 2006இல் சிட்னி பல்கலைக்கழகம், ஏற்கெனவே ஆசிரியர்களாயுள்ள பழங்குடியினர் தம் மொழியைப் படிப்பிக்கக் கற்கும் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. வடக்கே மொழி உள்ளவருக்குச் சான்றிதழ் தேடினார்கள். தெற்கே சான்றிதழ் உள்ளவருக்கு மொழி தேடினார்கள். மேற்கு ஆஸ்திரேலியா மூன்றாவது வழியொன்றைக் கண்டது. மொழி அறிந்தவருக்குப் பயிற்சி தந்து, அந்த மொழிப் பாடத்தை மட்டும் நடத்த வரையறுக்கப்பட்ட உரிமை அளித்தது.

யார் தகுதி பெற்றவர்?

இந்த வரலாறு நமக்குச் சொல்வது ஒன்று உண்டு. பள்ளியில் ஒரு மொழி வாழ்வதும் மாய்வதும் அரசின் அறிவிப்பால் மட்டும் அல்ல, கரும்பலகை முன் நிற்கும் ஆளால் தீர்மானிக்கப்படுகிறது. அந்த ஆளை ஊருக்குள்ளிருந்தே எடுத்து, ஊரிலேயே பயிற்றி, முழு ஆசிரியருக்குரிய மதிப்பும் சம்பளமும் தந்த இடங்களில் திட்டம் வேரூன்றியது. அவரை "உதவி" என்றே வைத்திருந்த இடங்களில், வெளியூர் ஆசிரியர் மாறும்போதெல்லாம் திட்டமும் தள்ளாடியது. பயிற்சி வேண்டாம் என்பதல்ல. பயிற்சி அவரைத் தேடி வரவேண்டும் என்பதே பாடம்.

நம் ஊர்களில் குருவானவர் மாதத்துக்கு ஒரு முறை வந்துபோன காலத்தில், மந்திரம் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, சபையைக் காத்தவர் உபதேசியார். அவர் கையில் இருந்த சான்றிதழ் என்ன? ஊர் அவரை அறியும். அவர் ஊரை அறிவார். பாதர்ஸ்ட் தீவிலும் வாடேயேயிலும் இன்று காலை மணியடித்ததும் பிள்ளைகளை அவர்கள் மொழியில் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியையும் அத்தகையவரே. அவருடைய நாற்காலி காலியாகாமல் இருக்கும் வரையில்தான் அந்த நல்ல மொழிக்கும் வாழ்வு.